ஊசியின் காது

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட். மருந்துக்கடைக்கு மேல்மாடி.
மின்வெட்டுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம்.
தண்டேக்கா உறையைக் கிழித்து
ஒற்றை எழுத்தைக் காட்டுகிறாள்:
அ.

அ என்றால் நுனி திறந்த ஊசி.
ஆ என்றால் நுனி அடைத்தது, விலாவில் துளை.
இரண்டும் ஒரே தடிமன்,
நாலு மயிரிழையை முறுக்கினால் எவ்வளவோ அவ்வளவு.
அ முகத்துக்கு நேரே பேசும்,
எதிரே யார் இருக்கிறார் என்று பாராமல்.
ஆ சுவரிடம் சொல்லிவிட்டு
வந்த வழியே திரும்பும்.

வேருக்கும் ஓர் அடிவாசல் உண்டு.
தாண்டினால் எலும்பு, அதற்குள் உயிர்.
கழுவும் திரவம் ஒரு துளி அங்கே எட்டிப் பார்த்தால் போதும்,
ராத்திரி முழுக்கக் கன்னம் கணக்குக் கேட்கும்.
எந்த ஊசிக்கு எவ்வளவு கேட்கும் என்பதுதான் ஆராய்ச்சி.
அறுபது பேர். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்,
ஆறு மணி நேரம் கழித்து, மறுநாள், அதற்கு மறுநாள்.
எது போனது என்று அவர்களுக்குத் தெரியாது.
எனக்குத் தெரியும்.

முப்பத்தோராவது ஆள் கோகிலம் நாயக்கர்.
ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் சட்டைக் காலர் தைத்தவர்.
தட்டில் இரண்டு ஊசியும் கிடந்தன,
கிடந்திருக்கக் கூடாது, என் தவறு.
ஆ-வை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.
'இது மெஷின் ஊசி. காது நுனிகிட்டயே இருக்கு.'

நான் அதை இத்தனை நாளும் வாய் என்று நினைத்திருந்தேன்.

அவருடைய ஆள்காட்டி நகத்தில் ஒரு வெள்ளைக் கோடு.
ஊசி ஒருதரம் உள்ளே போய் வெளியே வந்த இடம்.
'அந்தக் காலரை முடிச்சிட்டுத்தான் கையை எடுத்தேன்.'

பிறகு ரப்பர் திரை, பிறகு அ.
ஒன்றரை மணி நேரம் ஒரு முனகல் இல்லை;
நடுவில் மின்சாரம் போய், தண்டேக்கா டார்ச் பிடித்தாள்.
திரையை எடுத்ததும் முதல் பேச்சு:
'ஜிக் வாசனை, டாக்டர்.
என் பல்லை வெளுக்கப் போட்டீங்களா?'

அன்றிரவு போன் செய்தேன். 'சைபர்.'
மறுநாள். 'சைபர், டாக்டர். நீங்க சாப்பிட்டாச்சா?'
முப்பத்திரண்டாவது ஆள் பூபாலன், துறைமுகக் கிரேன்,
விலாத்துளை ஊசி வாங்கிக்கொண்டவன்,
'எட்டு' என்றான். யோசித்து,
'எட்டரை போட முடியுமா?'

மூன்றாம் நாள் காலையில் கோகிலத்தின் மகளிடமிருந்து ஒரு செய்தி:
அம்மா ரெண்டு ராத்திரியா உறைஞ்ச பட்டாணிப் பையைக்
கன்னத்தில் வெச்சுக்கிட்டு ஹாலில் நடக்கிறாள்.
உங்ககிட்ட சொல்லக் கூடாதாம்.
உங்க பரீட்சை கெட்டுப்போயிடுமாம்.

படிவத்தில் பட்டாணிக்குக் கட்டம் இல்லை.
சைபர், சைபர், சைபர் என்று எழுதினேன்.
சுழித்த மூன்றும் ஊசித் துளைகள் மாதிரி இருந்தன.

அதற்கப்புறம் அ வரும்போதெல்லாம்
பெருவிரலை விட்டுவிட்டு ஆள்காட்டி விரலால் அழுத்துகிறேன்,
இன்னும் இரண்டு மில்லிமீட்டர் பின்வாங்கி.
தண்டேக்கா பார்க்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை.
இதையும் நான் எங்கும் எழுதவில்லை.

பல்லுக்கு மூடி போட வந்திருக்கிறார் கோகிலம்.
இடது கன்னத்தில் மட்டும் பவுடர் தூக்கலாக.
நாற்காலி சாய்கிறது.
விளக்கை இழுத்து அவர் முகத்துக்கு நேரே நிறுத்துகிறேன்.
'அன்னைக்கு எனக்குப் போட்ட ஊசிக்குக்
காது எங்கே இருந்துச்சு, டாக்டர்?'

'வாயைத் திறங்க' என்றேன்.